வரி கட்டியவர் வேறு, ஏர் பிடித்தவர் வேறு: பிகாரின் வம்சாவளித் தேடலை முன்வைத்து

2024 ஆகஸ்ட் 20 அன்று பிகார் அரசு ஏறத்தாழ 45,000 வருவாய்க் கிராமங்களில் சிறப்பு நில அளவைப் பணியைத் தொடங்கியது. நிலம் வைத்திருப்போர் இரண்டு படிவங்களை நிரப்பித் தரவேண்டும் என்றது அரசு. ஒன்று, நிலம் பற்றிய தன்னுறுதிமொழி. மற்றொன்று, வம்சாவளி. பழைய நில ஆவணத்தில் எவர் பெயர் இருக்கிறதோ அவரில் தொடங்கி, இன்று உரிமை கோருபவர் வரை வரும் குடும்பக் கொடிவழி அது. பிற மாநிலங்களில் வேலை பார்த்தவர்கள் பலர் விடுப்பெடுத்து ஊர் திரும்பினர். வட்டார அலுவலகங்களின் வாசலில் கூட்டம் சேர்ந்தது. பழைய தாள்களில் இருந்த கைத்தி எழுத்தைப் படிக்கத் தெரிந்த முதியவர்களைத் தேடி மக்கள் அலைந்தனர். உழவுக்குடி முன்னோர் ஒருவரின் வரலாற்றைத் தேடுவது வசதியுள்ளோரின் பொழுதுபோக்காக இல்லாமல், ஒரு மாநிலம் முழுவதற்கும் கட்டாயக் கடமையான அரிய தருணம் இது.

இத்தருணத்தை வரவேற்போர் ஒரு வாதத்தை முன்வைக்கின்றனர். ஆவணங்கள் மின்மயமாகின்றன, கொடிவழிகள் பதிவாகின்றன, ஆகவே ஒவ்வோர் உழவர் குடும்பத்துக்கும் தன் வரலாறு கிடைத்துவிடும் என்பது அவ்வாதம். பல்கலைக்கழகங்களிலும் இதன் வேறொரு வடிவம் உலவுகிறது. நில ஆவணத்தில் உள்ள பெயர்களைத் தொகுத்தால் வேளாண் சமூகத்தின் வரலாறு எழுதப்பட்டுவிடும் என்று கருதும் ஆய்வேடுகள் குறைவல்ல.

இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள். நில ஆவணம் உழவரின் வரலாறு அன்று. எந்த நிலத்துக்கு எவரிடம் பணம் வசூலிப்பது என்பதற்காக எழுதப்பட்ட குறிப்பு அது. அதில் பெயர் உள்ளவரை ‘உழவர்’ என்றும், பெயர் இல்லாதவரை ‘சான்று இல்லாதவர்’ என்றும் கொள்வது ஆய்வுநெறி ஆகாது. வசூலித்தவரின் கண்ணை ஆய்வாளர் தன் கண்ணாக இரவல் வாங்கிக்கொள்வதன் விளைவே அது.

*

ஆவணம் எப்படி உருவானது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். 1793-இல் கார்ன்வாலிஸ் கொண்டுவந்த நிலையான நிலவரித் திட்டத்தின்கீழ், பிகார் உள்ளிட்ட வங்காள மாகாணத்தில் அரசு ஜமீன்தாருடன் கணக்கை முடித்துக்கொண்டது. உழுதவர் யார் என்பது அரசுக்குத் தேவைப்படவில்லை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் உழவரின் பெயர் ஜமீன் கணக்கரின் ஏட்டில் மட்டுமே இருந்தது. 1885-இல் இயற்றப்பட்ட வங்காளக் குத்தகைச் சட்டம்தான் இந்நிலையை மாற்றியது. அதன்படி 1890-களில் முசாஃபர்பூர், சம்பாரண், சாரண், தர்பங்கா ஆகிய வட பிகார் மாவட்டங்களில் புலம் புலமாக அளவை நடந்தது. ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் எண், பரப்பு, வைத்திருப்பவரின் பெயர், தந்தை பெயர், சாதி, ஊர் ஆகியன எழுதப்பட்டன. இன்று மக்கள் தேடி அலையும் ‘கதியான்’ இதுவே.

இது சாதாரணச் சாதனை அன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே ஊரில் 12 ஆண்டுகள் தொடர்ந்து நிலம் வைத்திருந்தவருக்கு அச்சட்டம் நிலைத்த உரிமை தந்தது. கதியானில் ஏறிய பெயர், ஜமீன்தார் விரும்பியபடி குத்தகையை உயர்த்தவும் வெளியேற்றவும் தடையாக நின்றது. அத்தாளைப் பாதுகாத்து வைத்த குடும்பங்கள் அறியாமையால் அதைப் போற்றவில்லை. அதன் வலிமையை அவை அனுபவத்தில் அறிந்திருந்தன.

ஆனால் அத்தாளில் ஏறியவர் ‘ரயத்’. ‘ரயத்துவாரி’ என்ற சொல்லின் வழியாகத் தமிழ் வாசகருக்கும் நன்கு பழகிய இச்சொல் அரபு மூலத்தது. மேய்க்கப்படும் மந்தை என்பது அதன் பழம்பொருள். ஆளப்படும் குடி என்பது விரிந்த பொருள். உழவுக்கும் அச்சொல்லின் வேருக்கும் தொடர்பில்லை. ஆள்பவருக்குக் கட்டுப்பட்டவர், எனவே கொடுக்க வேண்டியவர் என்பதே அது சொல்வது. ஒரு ரயத் தன் நிலத்தில் கால் வைக்காதவராகவும் இருக்கலாம். பிகாரில் அப்படிப்பட்டவர் ஏராளம். ஏரைத் தொடுவது தம் நிலைக்கு இழுக்கு என்று கருதிய மேல்சாதி ரயத்துகளின் வயல்களை உழுதவர் வேறு மனிதர்.

அந்த வேறு மனிதருக்கு மொழியில் பெயர்கள் உண்டு. ரயத்திடமிருந்து உள்குத்தகைக்கு எடுத்தவர் ‘ஷிக்மி’. வயிறு எனப் பொருள்படும் பாரசீகச் ‘ஷிகம்’ என்ற சொல்லிலிருந்து வந்தது இது. இன்னொருவரின் உரிமைக்குள் வயிற்றுப்பிள்ளைபோல அடங்கிக் கிடப்பவர் என்று அச்சொல் அவரை வரையறுத்துவிடுகிறது. விளைச்சலைப் பங்கிட்டு வாரத்துக்கு உழுதவர் ‘பட்டாய்தார்’. பங்கிடுதல் என்ற வினையிலிருந்து பிறந்தது இப்பெயர். ஏர் ஓட்டக் கூலிக்கு அமர்த்தப்பட்டவர் ‘ஹல்வாஹா’. முன்பணம் பெற்று, அதனால் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டவர் ‘கமியா’. இவர்களுள் ஷிக்மி ஒருவருக்கே ஆவணத்தில் ஓரளவு இடம் கிடைத்தது. பட்டாய்தார் பெரும்பாலும் விடுபட்டார். ஹல்வாஹாவும் கமியாவும் விடுபட்டவர்கள்கூட அல்லர். அவர்களைப் பற்றிய கேள்வியையே படிவம் கேட்கவில்லை.

தமிழில் எழுதுவோர் இந்த ஐவரையும் ‘விவசாயி’ என்ற ஒற்றைச் சொல்லில் மொழிபெயர்த்துவிடுகின்றனர். ஆங்கிலத்தில் எழுதுவோரும் ஒற்றைச் சொல்லையே கையாள்கின்றனர். சொல் ஒன்றானவுடன் அவர்களுக்கிடையே இருந்த பகையும் படிநிலையும் மறைந்துவிடுகின்றன. ‘என் முன்னோர் விவசாயி’ என்ற வாக்கியம் எவருக்கும் பொருந்திவிடுகிறது. நிலம் வைத்திருந்தவரின் பேரன் அதைப் பெருமையாகச் சொல்லலாம். அவர் நிலத்தில் உழுதவரின் பேரனும் அதையே சொல்லலாம். ஆனால் ஆவணக் காப்பகத்தின் கதவு முதலாமவருக்கு மட்டுமே திறக்கும்.

இது சிறுபான்மையினரின் சிக்கல் என்று தள்ளிவிட இயலாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பிகாரில் தம் நிலத்திலோ குத்தகை நிலத்திலோ பயிரிடுவோர் ஏறத்தாழ 72 லட்சம் பேர். வேளாண் கூலித் தொழிலாளர் ஏறத்தாழ 1 கோடியே 83 லட்சம் பேர். இந்தியா முழுவதற்கும் 2001-இல் பயிரிடுவோர் 12.7 கோடி, கூலித் தொழிலாளர் 10.7 கோடி. 2011-இல் அது முறையே 11.9 கோடி, 14.4 கோடி என்று தலைகீழானது. இன்றைய விகிதம் நூறாண்டுக்கு முந்தைய நிலையை அப்படியே காட்டாது. நிலம் இழந்து கூலியானவர்களும் இதில் உண்டு. எனினும், வயலில் உழைக்கும் பெருந்திரள் ஒன்றின் முன்னோரை நில ஆவணத்தின் வழியே தேடச் சொல்வது, கிணறே இல்லாத ஊரில் கயிற்றின் நீளத்தைப் பற்றி விவாதிப்பது போன்றது.

*

இதன் மறுபக்கத்தில் ஒரு முரண் இருக்கிறது. ஊரில் தங்கிய உழவுத் தொழிலாளிக்குத் தாள் இல்லை. ஊரைவிட்டுக் கடல் கடந்தவருக்குத் தாள் இருக்கிறது.

1834 முதல் 1917 வரை மொரீஷியஸ், கயானா, டிரினிடாட், சூரினாம், ஃபிஜி முதலிய நாடுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அனுப்பப்பட்டவர்களுள் பெரும்பகுதியினர் இன்றைய பிகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் கல்கத்தா வழியாகச் சென்றவர்கள். கல்கத்தாவில் ஒவ்வொருவருக்கும் குடியேற்றச் சீட்டு எழுதப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாணா, ஊர், உயரம், உடலில் உள்ள அடையாளம் ஆகிய அனைத்தும் அதில் உண்டு. வரலாற்றாசிரியர் பிரிஜ் லால் ஃபிஜிக்குச் சென்ற 45,439 பேரின் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பகுத்தாய்ந்து ‘கிர்மிட்டியாஸ்’ என்ற நூலை 1983-இல் வெளியிட்டார். டிரினிடாட் பிரதமராக இருந்த கம்லா பெர்சாத் பிசேசர், தம் கொள்ளுத் தாத்தா 1889-இல் விட்டுச் சென்ற பக்சர் மாவட்டத்துப் பேலூப்பூருக்கு 2012-இல் வந்து, ஊர்மக்கள் முன் கண்ணீர் விட்டார்.

அக்கண்ணீரைக் குறைத்து மதிப்பிட எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் அதே காலத்தில் அதே தாணாவிலிருந்து எங்கும் செல்லாமல், பிறர் வயலில் ஏர் பிடித்தே மாண்ட ஒருவரின் கொள்ளுப்பேரன் தன் முன்னோரைத் தேடினால் எந்தத் தாளைப் புரட்டுவான்? அவனுக்குச் சீட்டும் இல்லை, கதியானும் இல்லை. ஃபிஜிக்குச் சென்றவரின் உடல் தழும்புவரை எழுதிய அரசு, வீட்டிலிருந்தவரின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. காரணம் எளிது. கப்பலேறியவர் ஐந்தாண்டு உழைப்புக்கு விலை பேசப்பட்டவர். அவர் தப்பி ஓடினால் அடையாளம் காணத் தழும்பு தேவைப்பட்டது. ஊரிலிருந்தவரின் உழைப்புக்கு நிலவுடைமையாளரின் கட்டுப்பாடே போதுமானதாக இருந்தது. இரண்டு இடங்களிலும் ஆவணம் உழைப்பவரின் பொருட்டு எழுதப்படவில்லை.

இந்திய அரசு 2024-இல் மொரீஷியஸ் வாழ் இந்திய வம்சாவளியினரின் ஏழாம் தலைமுறைக்கும், 2025-இல் டிரினிடாடில் ஆறாம் தலைமுறைக்கும் வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டை வழங்கப்படும் என்று அறிவித்தது. நல்லது. ஆறேழு தலைமுறைக்கு முந்தைய ஓர் உழைப்பாளியின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து மதிக்க இயலும் என்பதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. எனில் அம்மதிப்பு ஏன் கடலுக்கு அப்பால் மட்டும் செல்லுபடியாகிறது என்று கேட்க வேண்டியது ஆய்வாளரின் கடமை.

*

அரசை மட்டும் குற்றம் சொல்வது முழு உண்மை ஆகாது. உழவு முன்னோரை மறைப்பதில் வழித்தோன்றல்களுக்கும் பங்குண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் கங்கைச் சமவெளியின் உழவுச் சாதிகள் தமக்குப் புதிய வம்சாவளிகளை எழுதிக்கொண்டன. குர்மிகளும் கோயிரிகளும் இராமனின் மைந்தர் வழியினர் எனவும், கோவாலாக்கள் கண்ணனின் யாதவ குலத்தினர் எனவும் நூல்கள் அச்சாயின. வில்லியம் பின்ச் 1996-இல் வெளியிட்ட ‘பெசண்ட்ஸ் அண்ட் மாங்க்ஸ் இன் பிரிட்டிஷ் இந்தியா’ என்ற ஆய்வு இதை விரிவாகப் பேசுகிறது. சூத்திரர் என்ற முத்திரையையும் கட்டாய வேலையையும் மறுப்பதற்கு அன்று கையில் கிடைத்த கருவி அதுவாக இருந்தது. அந்தச் சுயமரியாதை வேட்கையைக் கேலி செய்பவர் அக்காலத்தின் அவமானத்தை அறியாதவர். ஆயினும் அதற்குக் கொடுக்கப்பட்ட விலையையும் சொல்லத்தான் வேண்டும். மதிப்பைப் பெறுவதற்கு முன்னோரின் கையிலிருந்த கலப்பையைப் பிடுங்கிவிட்டு வாளைத் தரவேண்டியிருந்தது. உழுதவர் என்பதாலேயே ஒருவர் போற்றத்தக்க முன்னோர் ஆகமுடியாது என்ற மேல்சாதிக் கருத்தை அவ்வம்சாவளிகள் எதிர்க்கவில்லை, வழிமொழிந்தன.

இந்த வலையிலிருந்து மீளமுடியும் என்பதற்கும் பிகாரிலேயே சான்று உண்டு. சுவாமி சகஜானந்த சரசுவதி தம் பொதுவாழ்வைத் தொடங்கியதே பூமிகார்கள் பிராமணரே என்று நிறுவும் வம்ச ஆராய்ச்சியில்தான். அவரே 1929-இல் பிகார் மாகாண கிசான் சபையைத் தொடங்கினார். 1936-இல் லக்னோவில் கூடிய அகில இந்திய கிசான் சபையின் முதல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1940-களின் தொடக்கத்தில் சிறையிலிருந்தபோது நிலமற்ற கூலிகளைப் பற்றித் தனி நூல் எழுதினார். ‘எவர் வழித்தோன்றல்’ என்ற கேள்வியில் தொடங்கியவர் ‘எவர் உழுகிறார்’ என்ற கேள்விக்கு நடந்துவந்த தூரம் அது. இன்று வம்சாவளி எழுதும் மாநிலம், அவர் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிச் செல்வதாகத் தோன்றுகிறது.

*

வம்சாவளி என்ற வடிவத்திலேயே இன்னொரு மறைப்பும் இருக்கிறது. ‘வம்சம்’ என்ற வடசொல்லுக்கு மூங்கில் என்பதும் பொருள். கணுவுக்கு மேல் கணுவாக நேரே உயரும் மூங்கில்போலத் தந்தைக்கு மேல் மகன் என்று எண்ணப்படும் வரிசை அது. கதியானில் தந்தை பெயர் உண்டு, தாய் பெயருக்கு இடமில்லை. வட பிகாரில் நாற்று நட்டவர், களை பறித்தவர், நெல் குற்றியவர் பெண்கள். ஆனால் எந்தக் கொடிவழியிலும் அவர்கள் உழவு முன்னோராக எண்ணப்படுவதில்லை.

சட்டம் மாறியிருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தம் மகளுக்கும் பிறப்பால் பங்குரிமை தந்தது. வேளாண் நிலத்துக்கு விலக்களித்துவந்த பிரிவையும் நீக்கியது. 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்வுரிமையை மேலும் உறுதிப்படுத்தியது. இப்போதைய அளவையிலும் மகள்கள், சகோதரிகள் பெயரையும் வம்சாவளியில் சேர்க்க வேண்டும் என்றே துறை அறிவுறுத்தியது. ஆனால் படிவத்தை நிரப்புவது வீட்டு ஆண்கள். சகோதரியின் பெயரை விட்டுவிடுவதும், விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்து வாங்குவதும் ஊர்வழக்கம். தேடல் உணர்ச்சியின் பெயரால் நடக்கிறது, முடிவு சொத்தின் பெயரால் எழுதப்படுகிறது. இன்று விடுபடும் பெயர், நூறாண்டு கழித்து வரும் ஆய்வாளருக்கு ‘சான்று இல்லை’ என்றே காட்சி தரும்.

கொடிவழியில் பெண் விடுபட்டால் என்ன நேரும் என்பதை அசாம் காட்டிவிட்டது. 1971 மார்ச் 24 நள்ளிரவுக்கு முன்பிருந்த முன்னோர் ஒருவருடன் தமக்குள்ள உறவை அங்கு ஒவ்வொருவரும் தாளில் நிறுவ வேண்டியிருந்தது. பள்ளி செல்லாமல் இளமையிலேயே மணமாகிப் போன உழவுக் குடும்பத்துப் பெண்களுக்குத் தந்தையுடன் தம்மைப் பிணைக்கும் தாள் ஏதும் இருக்கவில்லை. ஊராட்சிச் செயலர் தரும் சான்றிதழ் ஒன்றே அவர்களுள் பலருக்குத் துணை. 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான இறுதிப் பட்டியலில் 19,06,657 பேர் இடம்பெறவில்லை. முன்னோரைத் தேடுவது அங்கே குடியுரிமைக்கான போராட்டம்.

*

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுவது ஒன்று உண்டு. ‘எழுத்துச் சான்று இல்லாதபோது ஆய்வாளர் என்ன செய்ய இயலும்? வாய்மொழியை நம்பினால் கட்டுக்கதையும் வரலாறாகிவிடாதா?’ நேர்மையான கேள்விதான். வாய்மொழியும் மாறும், மறக்கும், பெருமை பேசும். ஆனால் கதியானும் அவ்வாறே பிழைபட்டது என்பதை மறந்துவிட்டுத்தான் இக்கேள்வி கேட்கப்படுகிறது. ஊர்ப் பெரியவரின் சொல்லைக் கேட்டு, ஒரு கணக்கர், தன் எழுத்தில், தன் காதில் விழுந்தபடி எழுதியதே அதுவும். எழுதப்பட்டுவிட்ட வாய்மொழிக்கு ஆவணம் என்று பெயர் வைத்துவிட்டு, எழுதப்படாததை மட்டும் ஐயுறுவது நடுநிலை ஆகாது.

சட்டமே இதை ஏற்றிருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, பழங்குடியினர் அல்லாத பிற மரபுவழி வனவாசிகள் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறைகள், அதாவது 75 ஆண்டுகள், அங்கு வாழ்ந்ததை நிறுவ வேண்டும். கடுமையான நிபந்தனை. ஆனால் அச்சட்டத்தின் விதிகள், உரிமை கோருபவர் அல்லாத ஊர் முதியவர்களின் வாக்குமூலத்தை எழுதிப் பெற்றால் அதையும் சான்றாக ஏற்கின்றன. காட்டில் செல்லும் நினைவு வயலில் மட்டும் ஏன் செல்லாது?

அரசு விரும்பினால் உழுபவரின் பெயரை எழுத முடியும் என்பதற்கு அண்டை மாநிலமே சாட்சி. அதே 1885-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாரிசான மேற்கு வங்காளம், 1978-இல் தொடங்கிய ‘ஆபரேஷன் பர்கா’ வழியாக வாரத்துக்கு உழுத 14 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களைப் பதிவு செய்தது. அலுவலர்கள் கணக்கரின் ஏட்டைப் புரட்டுவதோடு நிற்காமல் ஊர்களில் முகாமிட்டு உழுபவர்களைக் கூட்டிக் கேட்டனர். அத்திட்டத்தை முன்னின்று நடத்திய டி. பந்த்யோபாத்யாய் தலைமையில் பிகாரும் ஓர் ஆணையம் அமைத்தது. பட்டாய்தார்களைப் பதிவு செய்து பாதுகாக்கச் சட்டம் வேண்டும் என்று அவ்வாணையம் 2008-இல் பரிந்துரைத்தது. நிலவுடைமையாளரின் எதிர்ப்புக்கு அஞ்சி அப்பரிந்துரை கிடப்பில் போடப்பட்டது. ஆகவே இன்றைய வம்சாவளிப் படிவத்தில் வாரத்துக்கு உழுபவருக்கு இடமில்லாதது மறதியால் நேர்ந்ததன்று. ஒருமுறை கேட்கப்பட்டு, தெரிந்தே மறுக்கப்பட்டதன் தொடர்ச்சி அது.

*

ஆய்வுலகம் செய்ய வேண்டியவை சில உள்ளன. அவை எவையும் புரட்சிகரமானவை அல்ல.

முதலாவது எழுத்து. கைத்தி என்ற பெயர், எழுத்தைத் தொழிலாகக் கொண்ட காயஸ்தரின் பெயரிலிருந்து வந்தது. தலைக்கோடு இன்றி, சொற்களுக்கிடையே இடைவெளியும் இன்றி ஓடும் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தோர் அருகிவிட்டதால், அளவைப் பணியாளர்களுக்கு அரசு அவசரப் பயிற்சி தர நேர்ந்தது. 2009-இல் யூனிகோடில் இடம்பெற்றுவிட்ட ஓர் எழுத்து, அது வழங்கிய மண்ணின் மொழியியல், வரலாற்றுத் துறைகளில் முறையான பாடமாக வேரூன்றவில்லை. தன் முன்னோரின் தாளைப் படிக்க உழவர் ஒருவர் இடைத்தரகருக்குப் பணம் கொடுக்கும் நிலைக்குப் பல்கலைக்கழகங்களும் பொறுப்பு.

இரண்டாவது சொல். 1885-இல், அதாவது குத்தகைச் சட்டம் வந்த அதே ஆண்டில், கிரியர்சனின் ‘பிகார் பெசண்ட் லைஃப்’ வெளிவந்தது. கலப்பையின் உறுப்புகள், வண்டியின் பாகங்கள், மண்வகைகள், கூலிவகைகள் என மாவட்டந்தோறும் மாறும் உழவுச் சொற்களின் பெருந்தொகுப்பு அது. ஆட்சியாளரின் தேவைக்காக எழுதப்பட்டதுதான். எனினும் கதியான் கேட்காத மனிதர்களின் கைவேலை அச்சொற்களில் பதிந்திருக்கிறது. மொழியியலார் அதை அகராதியாக மட்டும் படிக்காமல், பெயர் எழுதப்படாதவர்களின் வருகைப் பதிவேடாகவும் படிக்க வேண்டும். நாற்று நடும் பாடல்களையும் திரிகை சுற்றும் பாடல்களையும் தொகுப்போர், பாடியவரின் பெயர், தாய் பெயர், பிறந்த ஊர், எவர் வயலில் வேலை என்பனவற்றையும் சேர்த்து எழுத வேண்டும். பாடலைப் பதிந்துவிட்டுப் பாடியவரை ‘கிராமத்துப் பெண்’ என்று விட்டுவிடும் கள ஆய்வு, அளவைக் கணக்கர் செய்த அதே வேலையைச் செய்கிறது.

மூன்றாவது முறை. தென் பிகாரின் புயியான் கமியாக்களைப் பற்றி கியான் பிரகாஷ் 1990-இல் எழுதிய ‘பாண்டட் ஹிஸ்டரீஸ்’ முன்மாதிரியாக இருக்கிறது. ஆட்சியாளரின் ஆவணத்தையும் புயியான்களின் வாய்மொழிக் கதைகளையும் அவர் எதிரெதிரே வைத்துப் படித்தார். அடிமைத்தனம் எவ்வாறு ‘கடன்’ என்று பெயர் மாற்றப்பட்டது என்பதை அப்படிப் படித்துத்தான் காட்டமுடிந்தது. கதியானைப் படிப்போர் பெயர்ப் பத்தியோடு நிற்காமல், குறிப்புகளுக்கான ‘கைபியத்’ பத்தியையும் படிக்க வேண்டும். தமிழ் வரலாற்று மாணவர் மெக்கன்சி தொகுப்பின் வழியே கைபீது என்று அறிந்த அதே சொல் அது. நிலவுடைமையாளரின் பெயருக்கு வெளியே ஏதேனும் ஒரு மனிதர் எட்டிப்பார்க்க வாய்ப்புள்ள இடம் அதுவே. ஆவணத்தில் ஒருவர் இல்லை எனில், ஆய்வேட்டில் ‘சான்று கிடைக்கவில்லை’ என்று எழுதக் கூடாது. ‘இவ்வாவணம் இவரைப் பற்றிக் கேட்கவில்லை’ என்று எழுத வேண்டும். முதல் வாக்கியம் பொறுப்பை இறந்தவர்மீது சுமத்துகிறது. இரண்டாவது வாக்கியம் அதை எழுதியவர்மீது வைக்கிறது.

பிகாரின் அளவை ஒருநாள் முடிந்துவிடும். படிவங்கள் மின்கோப்புகளாகும். 2124-இல் ஒரு மாணவி அவற்றைத் திறந்து தன் உழவு முன்னோரைத் தேடுவாள். அவளுடைய கொள்ளுப்பாட்டி இப்போது பிறர் வயலில் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருக்கிறார். அவர் பெயரை எழுதிக்கொள்வதற்கு ஆவணக் காப்பகம் தேவையில்லை. வரப்பில் நின்று கேட்டால் அவரே சொல்லிவிடுவார்.